பழைய எண், புதிய எண்

பதினொன்றே முக்காலுக்குச் செய்திருக்கக் கூடாது.
புதிய பதிப்பு தயார் என்றது. ஆகட்டும் என்றேன்.
டிவிக்கடியில் பழைய லேப்டாப்,
கீல் உடைந்தது, ஆனாலும் வீட்டுக்கு அதுதான் சர்வர்,
ஒருமுறை செத்து எழுந்தது.

பிரசவ வார்டு இரவுப் பணியிலிருந்து
குமுதவல்லி அனுப்புகிறாள்:
கேமரா வரல. ஐந்நூத்தி ரெண்டுன்னு என்னமோ வருது.
தூங்குறாளா?
தூங்குறா, என்றேன்.
நான் பாக்கணும்.

லாகைத் திறந்தால் ஒரே வரி, நானூறு தடவை:
இணைப்பு மறுக்கப்பட்டது.
ஃபயர்வாலைத் திட்டினேன்.
சான்றிதழைப் புதுப்பித்தேன்; அது பாவம்,
நன்றாகத்தான் இருந்தது.
கெடிலத்துக் கொசுக்கள் திரையில் வந்து
முற்றுப்புள்ளி வைத்துப் பார்த்தன.
ஒன்றரைக்கு மஞ்சக்குப்பம் முழுக்கக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் மட்டும் என் பக்கம்.

அப்புறம்தான் உறைத்தது.
நம் வாசல் தகரப் பலகை:
பழைய எண் 14, புதிய எண் 31.
இன்னமும் கூரியர் பையன் பதினாலைத் தேடிப் போய்
பேக்கரி முன்னால் நிற்பானே,
அதேதான்.
கேமரா நிரல் வேறு போர்ட்டுக்குக் குடிபோயிருக்கிறது.
சொல்லிக்கொள்ளாமல் என்று சொல்ல முடியாது,
மாற்றக் குறிப்பை யார் படித்தது?
ப்ராக்ஸி மட்டும் விசுவாசமாய்
காலி வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

நாலு இலக்கம்.
மாற்றி, சேமித்து, ரீலோட்.

வந்திருச்சு, என்றாள்.
கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.
டைப் செய்கிறாள், நிறுத்துகிறாள்.
பிறகு:
முழிச்சுட்டுதான் இருக்கா.
கேமராவையே பாத்துக்கிட்டு.
எந்திரிச்சுப் போ.