கழிவு போகப் பதினைந்து கிராம்

கண்டியில் முன்பள்ளிக் கருத்தரங்கு முடிந்து வந்த இரவு
சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள் ரூபவதி:
"கோப்பி கசக்கவே இல்லீங்க.
தோடம்பழத் தோல மூக்குக்கிட்ட நசுக்கினாப்போல."
கொத்தமல்லி சேர்த்து இடித்த தூளைத்தான்
நாங்கள் அதுவரை கோப்பி என்று குடித்தோம்,
அதுவும் காய்ச்சல் வந்தால்.

அதற்குப் பிறகு கவனித்தேன்,
பிளேன்டீயை வாயில் வைக்குமுன்
ஒரு நொடி மோந்து பார்க்கிறாள்.
எதையோ தேடுகிறாள். கிடைக்காமல்
சீனியைக் கலக்கிக் குடிக்கிறாள்.

ஓவர்டைம் காசு வந்த சனிக்கிழமை
தலவாக்கலையில் ஏறி நின்றுகொண்டே போனேன் நுவரெலியாவுக்கு.
கடைப் பையன் பெயர் தரிந்து.
அவன் தமிழும் என் சிங்களமும்
பாதி வழியில் சந்தித்துக் கைகுலுக்கின.
முதலில் காட்டினான் ஒரு மெஷினை,
வெள்ளி நிறம், கோயில் உண்டியல் அளவு.
தம்பி, நான் மின்சார சபை லைன்மன்.
எங்கள் லயத்தில் மாலை ஆறு மணிக்கு
எத்தனை வோல்ட் மிஞ்சுமென்று எனக்குத் தெரியும்.
இது அங்கே வந்தால் இருமும்,
கோப்பி தராது.

கையால் சுற்றுகிற அரைப்பானைத் தந்தான்.
சுற்றினேன். நெறுநெறுவென்று
மழைக்குப் பிந்திய கல்ரோட்டில் நடப்பதுபோல் இருந்தது.
விலையைக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் சுற்றுவதை நிறுத்தினேன்.

"மொதல்ல வேண்டியது இதுதான்" என்று
தீப்பெட்டி உயரத்தில் ஒரு கறுப்புத் தராசை வைத்தான்.
கிராமில் பத்தில் ஒன்றையும் சொல்லுமாம்.
அதை நான் தொடவில்லை.

ஆறு வருசம் கொழுந்து பறித்தவள்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ,
வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கு இரண்டு.
கலியாணமான புதிதில் தூக்கத்தில் எழுந்து
"பதினெட்டு இல்ல, இருபத்தொண்ணு" என்று
யாரிடமோ வாதாடுவாள்.
அவளுக்கு நான் ஒரு தராசை
பூத்தாளில் சுற்றிக் கொண்டுபோவதா?

அரைப்பான், பீங்கான் புனல், வடிதாள் ஒரு கட்டு,
கொத்மலைப் பக்கம் யாரோ
வீட்டுப் பின்புறத்தில் காயவைத்த கொட்டை கால் கிலோ.
"சீனி போடாம குடிக்கச் சொல்லுங்க" என்றான் தரிந்து.
சீனி அவ விசயம் தம்பி, என்றேன்.

பிறந்தநாள் காலை. சன்னலுக்கு வெளியே
எதிர் மலை இன்னும் வரவில்லை.
ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள்,
பையைக் கவிழ்த்துத் தட்டினாள்.
"தராசு எங்க?"

விழித்தேன்.
"கண்டியில அந்தப் புள்ள நிறுத்துத்தானே போட்டுச்சு."
பஸ்ஸில் யோசித்து வந்ததை எல்லாம் சொன்னேன்,
தூக்கத்தில் பேசியதையும்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அது அவங்க தராசு" என்றாள்.

புதன்கிழமை, அவள் தம்பி வேலை செய்கிற
ஹட்டன் நகைக்கடையிலிருந்து வந்தது
மூலை உடைந்த பழைய மின்தராசு ஒன்று.
தட்டின் தூசியை ஊதி
கோப்பையை வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.
சைபர்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்து நின்றாள்.
"பாத்திரத்த மட்டுந்தான் கழிக்குது" என்றாள்,
என்னிடம் இல்லை.

ஒவ்வொரு கொட்டையாகப் போட்டாள்.
பதினைந்து வந்தபோது முழங்கை பட்டு
ஒன்று துள்ளி விழுந்தது.
பதினாலு தசம் ஒன்பது.
ஒரு கொட்டைதானே, விடு,
எட்டு மணி பஸ் போகப்போகுது என்றேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
காஸ் சிலிண்டருக்குப் பின்னால்
போன் வெளிச்சத்தைப் பிடித்துத் தேடுகிறாள்.
கேத்தல் கொதித்து ஓய்ந்துவிட்டது.
நான் மறுபடி தண்ணீரைச் சூடாக்கி
சீனிப் போத்தலை
அவள் கைக்கு எட்டுகிற பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.