நோ கேரியர்

பதினொரு ஃபிளாப்பியில் வந்தது மென்பொருள்.
ஏழாவது கெட்டிருந்தது.
பரேலுக்கு மறுபடி ரயிலேறிப் போய்
நௌஷீரிடம் வேறொன்று வாங்கி வந்தேன்.
குர்லாவில் நெரிசல்.
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இறங்கினேன்,
பால்செம்பு கொண்டுவருபவனைப்போல.

செம்பூரில் இரண்டாம் மாடி, ஓர் அறை, ஒரு சமையற்கட்டு,
ஒரே ஒரு தொலைபேசி.
பகலில் அது வீட்டுக்கு.
இரவு பதினொன்றுக்கு மேல் அது ‘கொடிக்கயிறு’,
என் புல்லட்டின் போர்டு.
இருபத்திரண்டு பேர்.
ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம்.
எவர் முகமும் பார்த்ததில்லை.
முலுண்டில் ஒருவன் செஸ் ஆடுவான், நாளுக்கு ஒரு நகர்த்தல்.
மின்சாரமீன் என்றொருத்தி
வேதியியலில் சந்தேகம் கேட்பாள், நன்றி சொல்ல மாட்டாள்.
எல்லாருக்கும் இப்போது இணைய அஞ்சல் வேண்டுமாம்.

கைப்புத்தகம் இல்லை.
பெண் பார்க்க வந்தவர்களைப்போல
மென்பொருள் கேள்விகள் மட்டும் கேட்டது:
எந்த போர்ட், என்ன வேகம், கூப்பிட என்ன எண்,
கிடைக்காவிட்டால் எத்தனை முறை, எத்தனை நிமிடம் விட்டு.
பதினான்கு என்றேன். மூன்று என்றேன்.
எண்ணை, மின்சார பில்லின் பின்பக்கம்
நௌஷீர் கிறுக்கித் தந்ததிலிருந்து தட்டினேன்.
நேரம் இரவு இரண்டு.
குழலி ஐந்தேகாலுக்கு எழ வேண்டியவள்,
அதனால் எம் பூஜ்யம்.
எம் பூஜ்யம் என்றால் மோடம் ஊமை.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
நோ கேரியர். நோ கேரியர். நோ கேரியர்.
பதினான்கு வரி.
கேரியர் என்று எனக்குத் தெரிந்தவை இரண்டுதான்:
சைக்கிளின் பின்னால் இருப்பது,
அதில் வைத்துக் கட்டும் சாப்பாட்டு அடுக்கு.
இரண்டுமில்லாமல்
பசியோடு நடந்தே திரும்பியிருந்தது இயந்திரம்.

கம்பியை மாற்றினேன். வேகத்தைப் பாதியாக்கினேன்.
கட்டளை வரியில் ஒரு கமாவைச் சேர்த்தேன்.
மறுபடி பதினான்கு.

மூன்றாம் இரவு விழித்திருந்தேன்.
பன்னிரண்டு முறை ஊமையாகவே தோற்றது.
பதின்மூன்றாவதுக்கு எம் ஒன்று என்று மாற்றினேன்.
டயல் சத்தம். மணி ஒன்று, பாதி.
பிறகு மோடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து,
தகர டப்பாவில் அடைத்ததுபோல்,
ஒரு மனுஷக் குரல்:
“கோண்?”
என் மோடம் விக்கியது.
“கோண் போல்தய்?”
இன்னொரு விக்கல்.
அவர் வைக்கவில்லை.
மூச்சு கேட்டது. எங்கோ ஃபேன் கடகடத்தது.
நாற்பது விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு
வைத்தது என் இயந்திரம்தான்.
வைத்துவிட்டு எழுதிக்கொண்டது: நோ கேரியர்.

பில்லை விளக்கடியில் பிடித்தேன்.
நௌஷீரின் எட்டு, இடப்பக்கம் மூடாத எட்டு.
மூன்று என்று படித்திருக்கிறேன்.

பதினான்காவதை நிறுத்திவிட்டு
அதே தப்பான எண்ணுக்குக் கையால் போட்டேன்.
மணி அடித்து முடியவில்லை, எடுத்தார்.
கம்ப்யூட்டர், தப்பு நம்பர், மூன்று நாளாக,
மன்னிக்க வேண்டும் என்று
என் உடைந்த மராத்தியில் சொன்னேன்.
நாற்பத்தொரு தடவை என்றார்.
எண்ணியிருக்கிறார்.
பால் பூத் வைத்திருக்கிறாராம். மூன்றரைக்கு வேன் வரும்,
எப்படியும் முழிப்புதான் என்றார்.
அது பொய்யாக இருக்கலாம்.
ஒயரைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் சண்டையாம்.
ஏன் பிடுங்கவில்லை என்று நான் கேட்கவில்லை.
“தொண்டை போன யாரோ
பேசப் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன்.”

என்ன சொல்வது.
“இப்போதுதான் பேசிவிட்டீர்களே, சரி” என்று வைத்துவிட்டார்.

எட்டைப் போட்டேன்.
அந்தப் பக்கம் கீச்சிட்டது, இந்தப் பக்கம் கீச்சிட்டது,
தேங்காய் துருவுவதுபோல் கொஞ்ச நேரம்.
பிறகு அமைதி, விளக்கு மட்டும் துடித்தது.
ஏழு அஞ்சல்கள் இறங்கின.
ஒன்று ஆஸ்லோவிலிருந்து மின்சாரமீனுக்கு.
மற்ற ஆறும் எதிர்முனை இயந்திரமே எழுதியவை:
மூன்று நாளாக ஏன் கூப்பிடவில்லை?

எம் ஒன்றை நான் திரும்ப மாற்றவில்லை.
இரண்டு மணிக்கு அது வாய் திறக்கையில்
குழலி கண் திறக்காமலே கை நீட்டி
கொடியிலிருக்கும் துண்டை உருவி
அதன்மேல் போட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள்.
சில நாள் துண்டு ஈரமாக இருக்கும்.