முழு எண் இல்லை

தண்டையார்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே கன்டெய்னர் லாரிகள்
நேற்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

முதலில் வெற்றுத்துளி.
வெறும் பஃபரை வைத்து
இதுதான் ஒன்றுமில்லாதது என்று
கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.
அப்புறம்தான் பதினோராம் குழாய்:
எண்ணூர்க் கழிமுகத்து மட்டி,
கொசு குடிக்கும் அளவில் ஒரு சொட்டு.
மூடி இறங்குகிறது. க்ளிக்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போகிறது.
இருநூற்று அறுபதில் டிஎன்ஏ அதைக் குடிக்கும்,
இருநூற்று எண்பதில் புரதம்.
முன்னதைப் பின்னதால் வகுத்தால்
ஒன்று புள்ளி எட்டு வரவேண்டும்.

சுத்தத்துக்கு ஒரு எண் இருக்கிறது,
அது முழு எண் இல்லை
என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வந்ததோ ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.
சதை இன்னும் இழையை விடவில்லை.

மறுபடி நொதி, மறுபடி உப்பு,
மறுபடி எத்தனால், மறுபடி சுழற்சி.
ஃபீனால் வேண்டாம் என்றாள் மெஹருன்னிசா,
மிச்சமிருந்தால் அதுவும் புரதம் மாதிரி நடிக்குமாம்.
ஒவ்வொரு கழுவலிலும்
இழையும் கொஞ்சம் தொட்டியில் போனது.
தொண்ணூறு நானோகிராம் இருந்த இடத்தில் பதினான்கு.
ஆனால் ஒன்று புள்ளி எட்டு ஒன்று.

"பாஸ்" என்று அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியும்,
கொஞ்சநஞ்சப் புரதத்துக்கு இந்த எண் அசையாது.
பெரிய திருடனை மட்டும் பிடிக்கிற ஏட்டு இது.
இன்னொன்றும் தெரியும்:
மட்டியின் இழையா, சேற்றுக் கிருமியின் இழையா,
கையுறை கிழிந்த என் விரலின் இழையா
என்று அறுபது கேட்பதில்லை.
எல்லோரும் ஒரே மாதிரிதான் குடிக்கிறோம்.

போன மாதம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன், ஊரின் அந்தப் பக்கம்.
"சொந்த ஏரியா?"
"காசிமேடு."
அந்தம்மா மூக்கைச் சுருக்கியது
ஒரு நொடிதான்.
வெற்றுத்துளி வைக்காமலே
அளந்து முடித்துவிட்டார்கள்.

போன் அடிக்கிறது. மட்டி வாரிக் கொடுத்த தேசப்பன்.
"இன்னா யக்கா, சுத்தமா கீதா?"
"கீதுப்பா. ஆனா இது அந்தச் சுத்தம் இல்ல."
"அப்ப வித்துக்கலாமா?"

கீழே ஒரு லாரி இரண்டடி நகர்ந்து
மறுபடி நின்றது.
டிஷ்யூவால் துளியைத் துடைத்தேன்.
பன்னிரண்டாம் குழாய்.