கண் வளர்தல்

ஞாயிறும் வந்து உணவு மாற்றினேன்.
இளஞ்சிவப்புத் திரவம். முப்பத்தேழு டிகிரி.
பெட்டிக் கதவைத் திறந்தால்
அடைகாக்கும் சூடு முகத்தில் அடிக்கும்.
கியோட்டோவில் அந்த மாதம் ஓயாத மழை.

குப்பிக்குள் இருந்தவர்
கடலுக்கு அப்பால்
பத்தொன்பது வயதில் நின்றுபோனவர்.
பெயர் எனக்குத் தரப்படவில்லை.
நாற்பத்தொன்று என்ற எண் மட்டும்,
என் கையெழுத்தில்.

முப்பத்தொன்பதைக் கொட்டியதும் நான்தான்.
அறுகோணத்தை மறந்து
நூல் நூலாய் நீண்டுவிட்டன செல்கள்.
ஆறு வார வேலை, அதன் மேல் ஒரு மூடி பிளீச்.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

இவை நீளவில்லை.
காலை ரயிலில் நிற்பவர்களைப்போல்
தோளோடு தோள் ஒட்டி,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
நின்றன.

இன்று அவை ஒரு சிரிஞ்சுக்குள்.
பத்து லட்சம் பேர்,
சில துளிகளில்.
லிஃப்டில் இரு கையாலும் பிடித்துக்கொண்டு
பொத்தானை முழங்கையால் அழுத்தினேன்.

கீழே நிஷிவாகி தோகுஸோ.
முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர்.
கண்ணுக்குள் நீர் இறைக்கும் கூட்டம்
கலைந்துபோய்விட்டது அவருக்கு.
பிறக்கும்போது வந்த ஆட்களோடு சரி;
போனால் போனதுதான்.
விடியலில் மனைவி வெறும் புகை,
மதியத்துக்கு மேல்தான்
மூக்கு வரும், வாய் வரும்.

ஊசி ஏறி இறங்க ஒரு நிமிடம்.
பிறகு டாக்டர் சொன்னார்:
கவிழ்ந்து படுங்கள், மூன்று மணி நேரம்.
அவை விழ வேண்டும்,
விழுந்து கருவிழியின் உட்புறம்
ஒட்டிக்கொள்ள வேண்டும்.
எங்கள் படிப்பு அதோடு முடிகிறது.
மிச்சத்தைப் பூமி இழுத்துக்கொள்ளும்.

எழுபத்திரண்டு வயதில்
குப்புற விழுந்த பிள்ளை.
தலையணை ஓட்டை வழியே
கட்டுப்போடாத கண்ணின் புகைக்குள்
அவருக்குத் தெரிவது
தரையும் என் செருப்பும்.
எனக்குத் தெரிவது
இடது காலுறையில் ஒரு பொத்தல்.

"நீங்களா வளர்த்தது?"
செருப்பிடம் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
"என்ன சாப்பிடும்?"
சர்க்கரை, உப்பு, கொஞ்சம் சீரம்.
"முதல் இரண்டையும்
எனக்கு நிறுத்திவிட்டார்கள்."
சிரிக்காதீர்கள், குலுங்கும் என்றாள் நர்ஸ்.
சிரித்தது நான்.

இரண்டாம் மணியில் மூச்சு நீண்டது.
கண் வளர்கிறார்.

மாடியில் நாற்பத்திரண்டுக்குப் பசிக்கும்.
நேரமாகிவிட்டது.
ஆனாலும் செருப்பை நகர்த்தவில்லை.
விழித்ததும் அவர்
அதைத்தான் தேடுவார்.