கொஞ்சம் தாமதிக்கும் கோல்

ஒரே ஒரு கோல்தான், கார்வின்.
நூற்று நாற்பது டாலர். அதற்கு மேல் செப்புக்காசும் கிடையாது.
மீதியை ட்ரக்கின் பிரேக் தின்றுவிட்டது.

சுவரோரம் நாற்பது கோல்கள்,
மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் மாதிரி நிற்கின்றன.
ஒன்றை உருவி நீட்டுகிறான்:
"முழுக்க கார்பன், மிஸ் லவாடா.
சிக்கமாகா ஏரியின் அடியில் ஒரு கூழாங்கல் தும்மினாலும்
உங்கள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்."

வேண்டாமப்பா.
எல்லாம் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது எனக்கு.
கவுண்டியின் அவசர அழைப்பு மேசையில் பன்னிரண்டு வருஷம்.
இரண்டாவது மணி அடிக்கும் முன் எடுத்தாக வேண்டும்.
மூச்சை வைத்தே பிரித்துவிடுவேன்:
அடுப்புத் தீயா, நெஞ்சுவலியா,
அடுத்த அறைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று
கிசுகிசுக்கிற பெண்ணா.
என் கை யோசிப்பதில்லை.
அதுதான் தொல்லை.

போன மார்ச், பாலத்துக்குக் கீழே,
செந்நண்டு நிறத்தில் ஒரு கிராங்க்பெய்ட்
புல்லை உரசி, சிக்கி, விடுபட்டு
ஒரு கணம் தள்ளாடிய இடத்தில்
கனம் விழுந்தது.
அது இன்னும் கடிக்கவில்லை.
பின்னாலிருந்து வந்து, வாயைத் திறந்து,
தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.
வாய் மூடுவதற்குள் வெட்டி இழுத்தேன்.
விறைத்த கோல், விறைத்த நான்.
இரண்டு மும்முள்ளும் வெறுமனே திரும்பின,
ஒன்றில் மட்டும் நகத்தளவு வெள்ளைத் தோல்.

(ஒரு குழந்தை ஒருமுறை அழைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது.
நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.
வைத்துவிட்டது.
வீட்டைக் கண்டுபிடித்தோம், எல்லாரும் நலம்.
இருந்தாலும்.)

"அப்போ கண்ணாடி இழைதான் உங்களுக்கு" என்கிறான்.
நுனியைக் கூரைப் பலகையில் ஊன்றி அழுத்தினேன்.
பிடி வரைக்கும் வளைந்து வணக்கம் வைக்கிறது.
கிராங்க்பெய்ட்டுக்குச் சரி.
ஆனால் மே மாதம் புல் மேலே ஏறி வந்துவிடும்;
தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் போட வேண்டும்.
அதில் ஒரே முள், தடித்த முள்,
தாடையில் ஏற்ற முதுகெலும்பு கேட்கும்.
சாட்டர்பெய்ட்டைக் களைக்குள்ளிருந்து பிய்த்தெடுக்கவோ
இடுப்பும் வேண்டும்.
இதற்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை
தலையாட்ட மட்டும்தான் தெரியும்.
ஷெரீஃப் ஆபீசில் இந்த ரகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மூலையில், போன வருஷத்து விலைச்சீட்டோடு, ஒன்று.
கண்ணாடியும் கார்பனும் கலந்த இழை. ஏழடி.
நடுத்தரத்துக்கு ஒரு படி மேலே பலம், மிதமான வளைவு.
முதல் மூன்றில் ஒரு பங்கு எதற்கும் சம்மதிக்கிறது,
அப்புறம்
இதோடு நிறுத்திக்கொள் என்கிறது.

"மீனாக நில்லு" என்றேன்.
நரம்பின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு
புழு வைத்த குளிர்ப்பெட்டி வரை நடந்தான் கார்வின்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
சொல்லாமல் கொள்ளாமல் சுண்டினான்.
மணிக்கட்டு துள்ளியது, வழக்கம்போல,
கேட்பதற்கு முன்பே.
அந்தப் பதற்றத்தை நுனி வாங்கி
மெல்ல விழுங்கி,
நடுவயிற்றுக்கு அனுப்பி,
அதன்பிறகுதான் இழுத்தது.
கண்ணைத் திறந்தேன்.
கார்வின் இன்னும் நரம்பில் இருந்தான்.
"விரல் அறுபடுது, மிஸ் லவாடா."

வரியோடு நூற்று நாற்பத்தேழு.
ஏழு டாலரைக் கடன் நோட்டில் எழுதிக்கொண்டான்,
கட்டைவிரலை வாயில் வைத்தபடி.

ஏழடிக் கோல் ட்ரக்குக்குள் அடங்கவில்லை.
நுனி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது.
பள்ளி முனையில் விளக்கு சிவப்பு.
புது பிரேக், மிதித்ததும் கப்பென்று நிற்கிறது வண்டி,
நானும் நிற்கிறேன்,
அது மட்டும் முன்னால் போய், யோசித்து,
திரும்பி வருகிறது.