மூன்று புள்ளி ஒன்று

நாரினில் பனிக்காலம் வந்தால்
காரைத் தெருவில் விட்டுவிட்டு
பேட்டரியை மட்டும் வீட்டுக்குக் கூட்டிவருவோம்.
மூன்று மாடி, பதினெட்டுக் கிலோ.
பூட்ஸ் கழற்றும் மூலையில் அதற்கும் ஓரிடம்.

இன்று மாலை முகப்பு விளக்கை அணைக்க மறந்தேன்.
பத்தரைக்குப் போய்த் தூக்கிக் குலுக்கினால்
உள்ளே அமிலம் தளும்புகிறது: உறையவில்லை.
விலாவில் தட்டினேன்: வீங்கவில்லை.
இருபது வருடம் ஆட்டு வயிறுகளைத் தட்டிய கை.

சிவப்புக் கவ்வி, கறுப்புக் கவ்வி.
சார்ஜர் ஒரு நொடி யோசித்தது.
மூன்று புள்ளி ஒன்று வோல்ட், என்றது.
பிறகு ஒரு கோடு.
பிறகு ஒன்றுமே இல்லை.

"புத்திசாலிச் சார்ஜர், அக்கா,
மாற்றி மாட்டினாலும் பொறி பறக்காது"
என்றுதான் தோர்தோய் சந்தையில் விற்றான்.
புத்திசாலிதான்.
எதிரே இருப்பது பேட்டரியா, அறுந்த வயரா,
யாராவது வைத்த நாக்கா என்று
உறுதியாகத் தெரியாமல் கால் ஆம்பியர்கூடத் தராது.
முன்பிருந்தது முட்டாள்;
கேட்காமல் ஊட்டும், நிறுத்தத் தெரியாமல் ஊட்டும்,
விடிந்தால் வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம்.
இன்றிரவு அந்த முட்டாள் இருந்திருக்கலாம்.

விடியுமுன் நான் அத்பாஷியில் இருக்க வேண்டும்.
ஒன்பது நாள் பனியில் சிக்கிய பெட்டைக் குதிரை
நேற்று கிடைத்திருக்கிறது.
ஷார்ஷென் பாசத்தில் ஒரு மூட்டை பார்லியைக்
கொட்டிவிடாமல் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
நவம்பரிலிருந்து தெமிர்குல்லும் நானும் பேசுவதில்லை:
வெந்நீர்க் குழாய் ஓடும் அந்த ஒரே பார்க்கிங் இடம்.
உள்ளுடுப்போடு வந்தான், கேட்டான், உள்ளே போனான்,
தன் பேட்டரியைத் தூக்கிவந்தான்.

சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு.
என்னுடையதும் அவனுடையதும் தோளோடு தோள்.
சார்ஜர் மறுபடி எட்டிப் பார்த்தது:
பதினொன்று புள்ளி நான்கு.
அட, பேட்டரிதானா என்று
பச்சையைச் சிமிட்டியது.
கால் மணி நேரம் கழித்து
அவனுடையதை மெல்ல விலக்கினோம்.
அது கவனிக்கவில்லை.
"எமகாதகி" என்றான் தெமிர்குல்,
என்னையா அதையா தெரியவில்லை.

முதலில் சின்னச் சின்னத் துடிப்பு,
ஈயத் தகட்டில் படிந்த உப்பைத் தட்டி உதிர்க்க.
குதிரைக்கும் முதல் வேளை கைப்பிடிப் புல்தான்.
அப்புறம் சீராக ஐந்து ஆம்பியர், மணிக்கணக்காக.
பதினான்கு புள்ளி நான்கைத் தொட்டதும்
அழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு
ஓட்டத்தைக் குறைக்குமாம்: மூன்று, ஒன்று, அரை.
அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பார்க்குமாம்,
தானாக நிற்கிறதா என்று.
நின்றால் சொட்டுச் சொட்டாகக் காவல்.

எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது.
கடைசிக் கட்டங்களை நான் பார்த்ததே இல்லை;
அதற்குள் யாருடைய மாடாவது கூப்பிட்டுவிடும்.

நாலரைக்குக் கழற்றினேன்.
அதன் கணக்கில் பாதி வேலை.
மைனஸ் இருபத்தெட்டில் இன்ஜினை
ஒருமுறை உலுக்க அது போதும்.

தெமிர்குல் தன் பேட்டரியை இங்கேயே விட்டிருந்தான்.
கொடுத்ததில் அதுவும் கொஞ்சம் இளைத்திருக்கும்.
கவ்விகளை மாற்றி மாட்டினேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
ஒரு கேள்வியும் கேட்காமல் தொடங்கியது.

என் வீட்டுச் சாவியை
அவன் கதவுக்கடியில் தள்ளிவிட்டு
பேட்டரியை அணைத்துக்கொண்டு
படியிறங்கினேன்.

பார்க்கிங் இடம் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.