ஐ.சி.

“ஐ.சி.?” என்றார் கேட்டில் நின்ற நேப்பாளத்துக்காரர்.
பிறையிலிருந்து பாலம் கடந்து வந்த கம்பெனி பஸ்
அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் புகைகிறது.
காட்டினேன். சிவப்பு.
அவருக்கு நிறம் பொருட்டில்லை,
முகம் ஒத்துப்போனால் போதும்.

உள்ளே போனதும்
அதே இரண்டெழுத்துக்குக் கால் முளைத்துவிடும்.
இருபத்தெட்டுக் கால்.
பாயான் லெப்பாஸ் தூங்கும் நேரத்தில்
நுண்ணோக்கியில் குனிந்து எண்ணுகிறேன்:
வளைந்த கால், கறை பிடித்த கால், குட்டைக் கால்.
வயிற்றுக்குள் தங்க இழை ஓடுகிறதாம்,
மூடிய பிறகே என்னிடம் வருவதால் பார்த்ததில்லை.
முதுகில் லேசர் எழுதியிருக்கும்: மலேசியா.
எழுத்து தெளிவா என்று சொல்வது என் வேலை.
மங்கினால் ரிஜெக்ட்.
ஓர் இரவுக்கு நாலாயிரம் தடவை
அந்தப் பேரை வாசித்து
‘சரி, போ’ என்கிறேன்.
போகிறது, ஹம்பர்க், ஒசாகா,
எந்தக் கவுண்டரிலும் நிற்காமல்.

நான் பிறந்தது பிறையில்,
தண்டவாளத்துக்குப் பின்னால் மூன்றாவது வரிசை.
அம்மாவின் கல்யாணத்தில் மாலை இருந்தது,
நாதஸ்வரம் இருந்தது, நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள்.
பதிவு மட்டும் இல்லை.
மூன்று மனு போட்டேன். மூன்று கடிதம் வந்தது,
மூன்றிலும் காரணத்துக்கான இடத்தில் வெறும் காகிதம்.
ஒருமுறை நாட்டுப்பண் பாடச் சொன்னார்கள்.
பாடினேன்.
இரண்டாவது வரியில் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்,
பழக்கதோஷம்.
அவர் நின்றதை எந்தத் தாளில் எழுதினார்களோ.

“இந்த லைனுக்கு யார் ஐ.சி.?”
கண்ணாடி போட்ட வாடிக்கையாளர் கேட்டபோது
அஸ்மா, மெய் லிங், எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.
பதினொரு வருஷமாய் நான்தான் பொறுப்பு.
சுவர்ப் பலகையில் வேறொருவர் பெயர்.
அதைத் துடைத்து வைப்பதும் என் பொறுப்பில்தான் வருகிறது.

ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும்
தர்மசீலனுக்கு ஐ.சி. என்றால் எஞ்சின்.
“எரியறது வெளிய தெரியக்கூடாது.
உள்ளயே வெடிச்சு உள்ளயே அடங்கணும்,
சக்கரம் மட்டும் சுத்தணும்.
அதுக்குப் பேருதான் ஐ.சி.”
ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி சொன்னார்.
மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் சொன்னார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது, நீலம்.
“ஐ!” என்று குதித்தாள் கவுண்டர் முன்னால்.
பக்கத்தில் என் சிவப்பைத் திருப்பிப் பார்த்தவர்
மிச்ச எழுத்தை
உதட்டை மட்டும் சுழித்துச் சொன்னார்.
வீட்டுக்கு வந்து அவள் கார்டைக் கேட்டு வாங்கினேன்.
முகத்தில் ஒரு பொன் சதுரம்.
நகத்தால் தடவிப் பார்த்தேன்.
ஐ.சி.க்குள் ஒரு ஐ.சி.
என் கண்ணைக் கடந்து போனதோ என்னவோ,
கால் இல்லாததால் அடையாளம் தெரியவில்லை.

இப்போது கயல்மொழி வானம் படிக்கிறாள்.
நேற்று கணினியை என் பக்கம் திருப்பினாள்.
தூசிக்குப் பின்னால், சுருள் சுருளாய்,
ஒரு வெளிச்சம்.
“ஐ.சி. முந்நூற்று நாற்பத்திரண்டு” என்றாள்.
நான் சட்டென்று கைப்பையைத் தொட்டேன்.
“அதில்லம்மா. முதல் பட்டியல்ல விட்டுப்போனதையெல்லாம்
அப்புறமா சேர்த்தாங்க.
அந்தப் பட்டியலுக்குப் பேரு ஐ.சி.”

யார் மனு போட்டது என்றேன்.

சிரித்தாள்.
“மனுவா? யாரோ இன்னும் கொஞ்ச நேரம்
பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க, அவ்ளோதான்.”

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.
நாலாவது மனு.
படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாம்.
கடைப் பையன் மூன்று தடவை எடுத்தான்.
முடியை ஒதுக்கிக்கொண்டு
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்,
விளக்கடியில் வைத்த ஒன்றைப் போல.